விருந்து மேசையில் உங்கள் கோளாம்பி

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் கோளாம்பியில் சிப்ஸ் அடுக்கி என் முன்னால் நீட்டினார்கள்.

அதன் விரிந்த விளிம்பைச் சுற்றி நேந்திரங்காய் சிப்ஸும் கப்பைக் கிழங்கு சிப்ஸும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விளிம்பு குறுகிக் கழுத்தாகி வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பொருத்தி, அதில் பீட்ரூட் சட்னியை நிரப்பியிருந்தார்கள். நல்ல அடர்ந்த சிவப்பு. மேலே கொஞ்சம் நுரைகூட இருந்தது. ஆட்கள் சிப்ஸை எடுத்து அந்தச் சிவப்பில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் விரலை நக்கினார்.

முதலில் எனக்கு வயிற்றைப் புரட்டியது, அது கோளாம்பி என்பதால் மட்டும்தான். யாருடைய வீட்டுக் கோளாம்பியோ என்றுதான் நினைத்தேன். கொச்சியில் இப்போது அது அதிசயம் இல்லை. அதில் பூ மிதக்க விடுகிறார்கள், சாவி போட்டு வைக்கிறார்கள். எச்சில் துப்பும் பாத்திரத்தில் சாப்பிடுவதை மட்டும் நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. மரியாதைக்காக ஒரு சிப்ஸை எடுத்தேன். அது கிடந்த இடத்தில், பித்தளையில் புள்ளி புள்ளியாக வெட்டிய ஓர் எழுத்து தெரிந்தது. பக்கத்திலிருந்ததையும் எடுத்தேன். சு. ப. உங்கள் அப்பாவின் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும், பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து வெட்டிக்கொடுத்தவரின் உளி அடையாளத்தோடு.

மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உங்களுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், எழுத்து தெரியாது. தென்காசியில் மாமா வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்த தமிழ்தான் உங்களுக்குப் படிக்க வரும். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். என்னுடையது புத்தகங்களிலிருந்து நானாகச் சேர்த்துக்கொண்ட தமிழ். நாம் வீட்டில் பேசியது இதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

உங்களைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் வருவது முகம் அல்ல, சத்தம். காலை ஐந்து மணிக்கு ஒரு நீண்ட காறல். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு பித்தளையில் கனமாக ஏதோ விழுவது. மட்டாஞ்சேரியில் நாம் இருந்த லைன் வீட்டில் பக்கத்துச் சுவர்கள் எல்லாம் ஒற்றைக்கல் சுவர்கள். அந்தச் சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்கும். நான் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வேன். பள்ளிக்குப் போகும் வழியில் அடுத்த வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தால், அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைப்பேன்.

பஜாரில் மிளகுப் பண்டகசாலையில் எடை போடுபவராக இருந்தீர்கள். "மிளகுத் தூசி தொண்டையில அடைக்கும் மோளே. பொயல போட்டாத்தான் இறங்கும்" என்பீர்கள். அது காரணமா, சாக்கா, எனக்குத் தெரியாது. வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும். மாலை வந்ததும் சட்டையைக் கழற்றி, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலால் கோளாம்பியைக் கிட்டே இழுத்துக்கொள்வீர்கள். தரையில் அது உரசும் ஓசை கேட்டதும் நான் அடுக்களைக்கு எழுந்து போய்விடுவேன்.

அதைக் கழுவி வைப்பது அம்மாவின் வேலை. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் போனது. "இன்னைக்கு ஒருநாள் நீ கொட்டிடு" என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வழியிலேயே உள்ளே இருந்தது அசைந்தது. நான் காலையில் தின்ற புட்டு முழுவதையும் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தேன். நீங்கள் ஓடி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அம்மாவையும் தொட விடவில்லை. நான் பள்ளிக்குப் போன பிறகு, நான் பார்க்காத நேரத்தில், நீங்களே சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தீர்கள். நான் அதற்காக நன்றியாக இருந்திருக்கலாம். இல்லை. கண்ணுக்குப் படாமல் போனதில் நிம்மதியாக மட்டும் இருந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் கடைசிவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் "வீட்டுக்கு அழகு பண்ற ஆபீஸ்" என்பீர்கள். அது சரிதான். போர்ட் கொச்சியிலும் எறணாகுளத்திலும் வசதியானவர்கள் வீடு கட்டுகிறார்கள், பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு நான் போவேன். எந்தச் சுவரில் எந்தப் படம், எந்த மூலையில் எந்தப் பழம்பொருள் என்று முடிவு செய்வேன். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன அட்டையில் கதை எழுதுவேன். தொட்டிலில் பத்திரிகைகள். மாட்டு நுகத்தடியில் தொங்கும் விளக்குகள். யார் வீட்டுக் கதவோ சாய்ந்து கண்ணாடி போட்ட மேசையாகிறது. ஒருமுறை, படுத்த படுக்கையானவர்களுக்காகச் செய்த, உட்காரும் பலகையில் ஓட்டை போட்ட நாற்காலியை வாங்கி, அந்த ஓட்டையில் மணிப்ளான்ட் தொட்டியை இறக்கி வரவேற்பறையில் வைத்தோம். அதற்கும் நான்தான் அட்டை எழுதினேன். "ஓய்வின் அழகு" என்று தொடங்கினேன். இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் நம் வீடு எனக்குத் தாங்க முடியாததாக ஆனது. வேலையில் பார்க்கும் வீடுகளுக்கும் திரும்பி வரும் வீட்டுக்கும் நடுவில் நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சலடைந்தேன். ஒரு சனிக்கிழமை முன்னறைச் சுவருக்கு நானே வெள்ளை அடித்தேன். பிரம்பு விளக்கு ஒன்று வாங்கி மாட்டினேன். உங்கள் நாற்காலியைத் தேய்த்து வார்னிஷ் பூசினேன். எல்லாம் அமைந்துவிட்டது. நாற்காலியின் காலடியில் அது மட்டும் இருந்தது.

நீங்கள் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் அதைச் செய்தித்தாளில் சுற்றி, அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஜோசி சேட்டனிடம் கொண்டுபோனேன். அவர் எங்கள் அலுவலகத்துக்குப் பொருள் கொடுப்பவர். பிரித்துப் பார்த்து, "அடிபொளி சாதனம்! இதொக்கெ எங்கேயிருந்து கிட்டுது மோளே?" என்றார். தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து என்றேன். தெரிந்த ஒருவர். அப்படித்தான் சொன்னேன், அப்பா.

அதற்கு மாற்றாக அவரிடமிருந்து சட்டம் போட்ட ஒரு வரைபடத்தை வாங்கி வந்தேன். தேநீர் நிறத்தில், பழைய கொச்சி. உங்கள் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். நீங்கள் கழுத்தில் முடித் துணுக்குகளோடு வந்து நின்று பார்த்தீர்கள்.

"இது எந்தா மோளே?"

"கொச்சிப்பா. முன்னூறு வருஷத்துக்கு முன்னால."

"நம்ம வீடு எங்க காணுது?"

நான் விரலால் தேடி, "இந்தப் பக்கம் வரும்" என்றேன்.

"அங்க தண்ணியைத்தானே வரைஞ்சு வெச்சிருக்கான்."

"அப்போ தண்ணியா இருந்திருக்கும்பா."

"சரி, அப்ப நம்ம தண்ணிக்குள்ளதான் இருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, காலை நீட்டித் துழாவினீர்கள். கால் எதிலும் படவில்லை. குனிந்து பார்த்தீர்கள். "கோளாம்பி எங்கே?"

"கொடுத்துட்டேன். இந்தப் படத்துக்கு மாத்தா."

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "நல்லாருக்குடி! மனுஷன் துப்புற பாத்திரத்தைக் கொடுத்துட்டுக் கடல் படம் வாங்கியாந்திருக்கா. இனி உங்கப்பா எங்க துப்புவாரு, அந்தக் கடல்லயா?"

நீங்கள் அவளைக் கையமர்த்தினீர்கள். வாய் நிறைந்திருந்ததால் பேச முடியவில்லை. எழுந்து வெளியே போய் ஓடையில் துப்பிவிட்டு வந்து, "சாயா உண்டோ?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். நீங்கள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தியதை இப்போது மறந்தும் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் வெள்ளை அடித்து மிஞ்சிய பெயின்ட் பக்கெட்தான் உங்கள் கோளாம்பி. கதவுக்குப் பின்னால் இருக்கும். நீங்கள் எழுந்து அங்கே போய்த் துப்பிவிட்டு வருவீர்கள். அந்த மூலையை நான் போட்டோ எடுத்து எல்லாரும் பார்க்கப் போட்டேன். வரைபடம், பிரம்பு விளக்கு, பளபளக்கும் நாற்காலி. நாற்காலியில் இருந்தவரை "கொஞ்சம் வெளியே நில்லுங்கப்பா" என்று எழுப்பி விட்டுத்தான் எடுத்தேன். நிறையப் பேர் அழகு என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். அது ரேஷ்மா சேச்சியின் வீடு. போர்ட் கொச்சியில் பழைய வீடொன்றை எங்கள் அலுவலகம்தான் புதுப்பித்துக் கொடுத்தது. வேலை முடிந்த சந்தோஷத்தில் எங்களையும் அவருடைய நண்பர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கோளாம்பி என் தேர்வு அல்ல. அவரே ஜோசி சேட்டனின் கடையில் எடுத்தாராம். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார்.

"கண்டோ? ஏதோ பழைய எழுத்து. கோயில் பாத்திரமா இருக்கும்னு ஜோசி சொன்னான்."

"கோயில் இல்ல, யூத எழுத்து" என்றார் விரலை நக்கியவர். அவர் ஏதோ கல்லூரியில் பாடம் எடுப்பவர்.

"ஏய், டச்சு" என்றார் இன்னொருவர்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருபத்தெட்டு வருடமாக உங்களைப் பற்றி வெளியே வாயைத் திறக்காமல்தானே இருந்தேன். ஆனால் அந்த மேசையில் நான் சும்மா இருந்தால், இன்னொரு தடவை உங்களைத் "தெரிந்த ஒருவர்" என்று சொன்னதாக ஆகும் என்று தோன்றியது.

"தமிழ்" என்றேன். "என் தாத்தாவோட பேரு. இது கோளாம்பி. என் அப்பா முப்பது வருஷம் இதுலதான் துப்பினார்."

மற்ற எட்டுப் பேரும் வாயை நிறுத்தினார்கள். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: எனக்கு அந்த நொடி மிகவும் பிடித்திருந்தது. யாராவது எழுந்து ஓட வேண்டும், யாராவது துப்ப வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். நான் ஏழாவது படிக்கும்போது பட்டதை இவர்களும் ஒருமுறை படட்டும் என்று.

ரேஷ்மா சேச்சி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அய்யோ! எனக்கு ரோமாஞ்சம் வருது, இங்க பாரு!" என்று கையை நீட்டிக் காட்டினார். "இதல்லே ஸ்டோரி! யாருக்குக் கிட்டும் இப்படி ஒரு ஸ்டோரி?"

"நல்லா கழுவினதல்லே, பின்னெ எந்தா" என்று சொல்லி, விரலை நக்கியவர் இன்னொரு சிப்ஸை எடுத்துச் சட்னியில் முக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லார் கையும் மறுபடி நீண்டது. இந்த முறை முன்னைவிட ஆவலாக.

"அச்சன்ட போட்டோ உண்டோ?" என்றார் சேச்சி. "பிளாக் அண்ட் ஒயிட்டா இருந்தா நல்லது. சின்னதா ஒரு பிரேம் போட்டு இதுக்குப் பக்கத்துல வைக்கலாம். அச்சன் இப்ப எங்கே?"

"போயிட்டார். வாய்ல புற்று."

"ஓ" என்றார். முகத்தை ஒரு கணம் சரியான அளவுக்குச் சோகமாக்கிக்கொண்டார். பிறகு என் தட்டில் கரிமீன் வைத்தார்.

நான் புத்தகங்களில் நிறைய அருவருப்புகளைப் படித்திருக்கிறேன். பிணம், புழு, சீழ், எல்லாம். எதற்கும் அருவருப்படையாத மனிதர்களைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் எச்சிலை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது எச்சிலே அல்ல. உங்கள் தொண்டை, உங்கள் மிளகுத் தூசி, காலை ஐந்து மணி, எல்லாம் சேர்ந்து அவர்கள் மேசைக்கு இன்னொரு அலங்காரம். அந்த அலங்காரத்தை அவர்களுக்குச் செய்துகொடுப்பவள் நான். கரிமீனைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன். சோப்பு மூன்று முறை போட்டேன்.

மாலையில் எங்கள் அலுவலக மேடத்திடமிருந்து செய்தி வந்தது. சேச்சி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "அருமையான கதை. அடுத்த வாரம் அந்த வீட்டைப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார்கள். கோளாம்பிக்கு எண்பது சொல்லில் ஓர் அட்டை எழுது. மிளகு, வெற்றிலை, பழைய கொச்சி. நோய் வேண்டாம்."

நோய் வேண்டாம். அதை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். எழுத உட்கார்ந்தும் பார்த்தேன், அப்பா; பழக்கம் அப்படி. முதல் வாக்கியம் தானாகவே வந்தது, நன்றாகவும் வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததாலேயே அழித்தேன். "என்னால் இதை எழுத முடியாது. போட்டோவும் இல்லை" என்று பதில் அனுப்பினேன். போட்டோ இல்லை என்பது பொய். உங்கள் கல்யாணப் படம் என் அலமாரியில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இந்த வேலைக்கு வந்துட்டு சென்டிமென்ட் பார்த்தா எங்ஙனெயா மோளே? நீ எழுதலைன்னா வேற ஆள் எழுதும்."

"எழுதட்டும் மேடம். நான் இனிமே எதுக்குமே எழுதலை."

"எதுக்குமேயா? பின்னெ உனக்கு இங்க என்ன வேலை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

இந்த மாதக் கடைசியோடு போகிறேன். அட்டையை வேறு யாரோ எழுதிவிட்டார்கள். உங்களை அவர்கள் "ஓர் எளிய மிளகு வணிகர்" ஆக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "வணிகரா? உங்கப்பனா? மூட்டைக்கு ஒரு கைப்பிடி மிளகு கேட்டு வாங்கக்கூடத் தெரியாத மனுஷன்" என்று சிரித்துவிட்டு, அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். கோளாம்பியைத் திருப்பிக் கேட்கலாமே என்றாள். எனக்கு வேண்டாம். கிடைத்தால் எங்கே வைப்பேன்? பளபளவென்று தேய்த்து அலமாரியில் வைத்தால் நானும் ரேஷ்மா சேச்சிதான்.

அந்த மேசையில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது.

எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு உங்களை முதல் தடவை கூட்டிப்போன காலை. அதற்குள் உங்களால் எச்சிலை விழுங்க முடியாமல் ஆகிவிட்டது, ஊறிக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது அம்மா பெயின்ட் பக்கெட்டை நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்கு பக்கெட்டோடயா போறது? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று நான்தான் வேண்டாமென்றேன். உங்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்தேன். பாலம் வருவதற்குள் துண்டு முழுக்க நனைந்துவிட்டது. பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. இந்தப் பக்கம் பேருந்து, அந்தப் பக்கம் லாரி, தலையை வெளியே நீட்ட முடியாது. நீங்கள் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ஆட்டோவில் துப்ப மாட்டீர்கள், அது அடுத்தவர் வண்டி. என் கண்ணில் அந்த எச்சில் படக் கூடாது என்று பதினைந்து வருடமாகப் பழகியவர் வேறு.

நான் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து உங்கள் முகவாய்க்குக் கீழே பிடித்தேன்.

தலையை ஆட்டினீர்கள். வேண்டாம், வேண்டாம் என்று. "துப்புங்கப்பா" என்றேன். மறுபடி ஆட்டினீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளப் பார்த்தீர்கள். "துப்புங்க" என்று நான் கத்தினேன். ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் உங்களால் முடியவில்லை.

சூடாக இருந்தது. கொழகொழவென்று, சிவப்பாக. இந்த முறை அது வெற்றிலை அல்ல. நாற்றம் தாங்க முடியவில்லை. அன்பினால் எனக்கு அப்போது அருவருப்பே தோன்றவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். குடல் புரண்டு தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிகளின் பின்புறங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு நடுவே வழிந்து என் சுடிதாரில் சொட்டியது.

நெரிசல் விலகி, ஆட்டோ பாலத்திலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குழாயைக் கண்டுபிடிக்கும்வரை, என் கைகளை நான் பிரிக்கவில்லை.